வைத்தியத்தின் நான்காம் பங்கு

(எல்லயில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வருபவர்கள் சமயத்தைப் பற்றியோ, மொழியைப் பற்றியோ, கல்வியைப் பற்றியோ பேசுவது வழக்கம். கேட்பவர்களுக்கும் அது இனிமையாக இருக்கும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. நம் லயங்களிலே கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படுகின்ற இரண்டு நோய்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று மனநோய், மற்றது குடியும் அதைப் போன்ற போதைப் பழக்கங்களும். விழா மேடை இதற்கு ஏற்ற இடமா என்று சிலர் எண்ணக்கூடும். ஊரார் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இவ்விரு நோய்களுக்கும் உரிய மருந்தில் ஒரு பகுதி ஊராரிடமே இருக்கிறது.

நான் சொல்வதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அப்பெரியார், அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அதன் கடைசிக் குறளிலே வைத்தியம் என்பதை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயுற்றவன் ஒரு பங்கு. தீர்க்கும் வைத்தியன் ஒரு பங்கு. மருந்து ஒரு பங்கு. பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவன் ஒரு பங்கு. நான்கும் கூடினால்தான் அது வைத்தியம். இந்த நான்காம் பங்கைப் பற்றித்தான் இன்று நான் பேசப் போகிறேன். நோயாளி நம்மிடையே இருக்கிறார். வைத்தியர் பதுளையிலே இருக்கிறார். மருந்தும் அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் லயத்துக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே கூட நடக்கும் ஆள் இல்லை. அந்த ஆளாக இருக்க வேண்டியது இச்சங்கமே.

முதலில் மனநோயை எடுத்துக்கொள்வோம்.

ஒரு லயத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படித்தவன், கலகலப்பாகப் பழகியவன். சில மாதங்களாக யாரோடும் பேசுவதில்லை. இரவிலே உறங்குவதில்லை. தனியே சிரிக்கிறான். தன்னைப் பற்றி அடுத்த காம்பிராவில் சதி பேசுகிறார்கள் என்கிறான். தாய் என்ன செய்வாள்? முனி அடித்துவிட்டது என்று ஒருவர் சொல்வார். செய்வினை என்று மற்றொருவர் சொல்வார். கோடாங்கியை அழைப்பார்கள். உடுக்கடித்துக் குறி கேட்பார்கள். கோழி போகும், கடன் வரும், பையன் குணமாவதில்லை. பிறகு, ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரேனும் யோசனை சொல்வார்கள். இப்படி ஒரு நோயாளியோடு, ஒன்றும் அறியாத பெண்ணொருத்தியின் வாழ்வும் சேர்ந்து கெடும். பெரியோர்களே, கல்யாணம் மனநோய்க்கு மருந்தன்று. மறைத்துச் செய்த கல்யாணம் அந்தப் பையனுக்கும் துரோகம், அந்தப் பெண்ணுக்கும் துரோகம்.

இந்தப் பையனுக்கு வந்திருப்பது மூளையும் மனமும் சம்பந்தப்பட்ட ஒரு நோய். நெஞ்சிலே சளி கட்டுவதைப் போல, இரத்தத்திலே சீனி கூடுவதைப் போல, இதுவும் யாருக்கும் வரக்கூடியது. குலத்தின் குற்றமுமன்று, வளர்ப்பின் குற்றமுமன்று. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் பிள்ளையை ஏறெடுத்தும் பாராமல் அழுதுகொண்டே இருக்கும் தாய்க்கும், காரணமின்றிச் சோர்ந்து வேலைக்குப் போக மாட்டாமல் சுருண்டு கிடக்கும் தகப்பனுக்கும் வந்திருப்பது நோயே. வலிப்பையும் பேய் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அதுவும் மூளையில் உண்டாகும் நோய். மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் அறிவோம். அப்படிப்பட்ட அழிவைக் கண்டவர்கள் மழை இரைச்சல் கேட்டாலே நடுங்குகிறார்கள் என்றால், அதைக் கோழைத்தனம் என்று சொல்லலாமா? அதுவும் மனத்துக்கு ஏற்பட்ட காயம்.

நம்மவர் வைத்தியத்துக்கு அஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் மனநோய் என்றால் அங்கொடை என்பதே பொருளாக இருந்தது. வீட்டைவிட்டு, மொழியைவிட்டு, மலையைவிட்டு, கொழும்பின் ஓரத்தில் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போனவர் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற பயம். அதனாலேதான் அவ்வூரின் பெயரே ஒரு வசைச்சொல்லாயிற்று. இன்று அந்நிலை இல்லை. அந்த வைத்தியசாலை தேசிய மனநல நிறுவனம் என்ற பெயரோடு நடக்கிறது. அது மட்டுமன்று, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்படி மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள் வெளி மாவட்டங்களுக்கு வந்தார்கள். பதுளைப் பெரிய வைத்தியசாலையிலே மனநலப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலான நோயாளிகள் வார்டில் தங்கவும் வேண்டியதில்லை. கிளினிக்குக்கு வந்து மருந்து பெற்று வீட்டிலேயே இருக்கலாம்.

அப்படியானால் குறை எங்கே? எல்லயிலிருந்து பதுளை ஏறக்குறைய 20 கிலோமீற்றர்தான். ஆனால் மேல் டிவிஷனில் இருக்கும் ஒரு தாய்க்கு அது நெடுந்தூரம். மகனைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் இறங்கி வரவேண்டும். அன்று மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பஸ்ஸிலே அவன் சத்தம் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வைத்தியசாலையில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்கு மகனின் மனத்துள் நடப்பதை எப்படி விளக்குவது? காலில் அடிபட்டால் காட்டினால் போதும். மனத்தில் அடிபட்டதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்! ஒருமுறை போய் வருகிறாள். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று அவளுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடுகிறாள். அல்லது, குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறாள். நோய் மீண்டும் வருகிறது. ஊரார், "இங்கிலீஸ் மருந்தும் கேட்கவில்லை" என்கிறார்கள். மருந்து கேட்காமல் இல்லை, சகோதரர்களே! நான்காம் பங்கு இல்லாத வைத்தியம் மூன்று கால் பெஞ்சைப் போலச் சாய்ந்துவிட்டது.

இரு மொழியும் தெரிந்த வாலிபர் ஒருவர் அந்தத் தாயோடு கூடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்ல இன்று உலகம் அறிந்த ஊர். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத் தூர தேசத்தவரெல்லாம் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, மூன்று மொழியிலும் பேசி, பையையும் தூக்கிக்கொண்டு மலையேறும் கெட்டிக்கார வாலிபர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு நாள் நம் லயத்து நோயாளி ஒருவருக்குப் பதுளைக்கு வழிகாட்டுவது உங்களால் முடியாத காரியமா?

இனி, கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வைத்தியசாலைக்குப் போங்கள் என்று சொல்வதால், கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டிலே வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசுவாமி கோயில் என்று ஒன்று உண்டு. மனநோயாளிகள் உறவினரோடு வந்து அங்கே தங்குவார்கள். பெங்களூரைச் சேர்ந்த மனநல வைத்தியர் ரகுராமும் அவரோடு சேர்ந்தவர்களும் அங்கே தங்கிய 31 பேரை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சராசரியாக 6 வாரம் தங்கியவர்களுடைய நோய்க்குறிகள் நூற்றுக்கு 20 பங்கு அளவில் குறைந்திருந்தன. அங்கே விசேஷமான மந்திரமோ சடங்கோ எதுவும் செய்யப்படவில்லை. காலையிலே பூசையில் கலந்துகொள்வார்கள். கோயிலைக் கூட்டுவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். உறவினர் கூடவே இருப்பார்கள். யாரும் ஏசுவதில்லை, யாரும் சிரிப்பதில்லை. அந்த ஆதரவுதான் குணம் தந்தது என்பது ஆராய்ந்தோர் கருத்து.

அதே தமிழ்நாட்டில், இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே என்ன நடந்தது? அங்குள்ள தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி இந்தியா முழுவதையும் உலுக்கியது; உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது.

இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்பிக்கை இரண்டிடத்திலும் இருந்தது. ஓரிடத்தில் அது ஆதரவோடு சேர்ந்தது. மற்ற இடத்தில் சங்கிலியோடு சேர்ந்தது. ஆகவே, மாரியம்மனைக் கும்பிடுங்கள், திருநீறு பூசுங்கள், அதே கையால் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பதும், கட்டிவைப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும் எந்தத் தெய்வத்துக்கும் உகந்த காரியங்களல்ல.

அடுத்து, குடியைப் பற்றிச் சொல்கிறேன். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்தார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடம் அவர் இரந்து கேட்ட காரியங்களுள் ஒன்று, மதுவைக் கைவிடுங்கள் என்பது. அன்று தொடங்கி எத்தனை மேடைகள், எத்தனை பிரசங்கங்கள்! ஆயினும் சம்பள நாளிலே தவறணை வாசலில் கூட்டம் குறையவில்லை. சாராயம் வாங்கக் காசில்லாதவனுக்குக் கசிப்பு இருக்கிறது. இன்று அதோடு மாத்திரைகளும் 'ஐஸ்' என்னும் விஷமும் இளைஞர் கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

2003ஆம் ஆண்டில் பேராசிரியர் தியநாத் சமரசிங்கவும் நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் பாக்லியன் அம்மையாரும் இலங்கையில் மதுவும் வறுமையும் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் விசாரித்த ஆண்களில் 100க்கு 10 பேருக்கு மேல், தமது வழக்கமான வருமானத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ மதுவுக்குச் செலவிடுவதாகச் சொன்னார்கள். வருமானம் முழுவதையும் குடித்துவிட்டால் வீட்டில் அரிசி எப்படி வந்தது? யார் கொழுந்து பறித்த காசு அது? தாய்மார்களே, நான் விடை சொல்ல வேண்டியதில்லை.

பிரசங்கங்கள் பலிக்காமற் போனதற்குக் காரணம் என்ன? குடியை நாம் பாவம் என்று மட்டும் பேசினோம். நோய் என்று பேசவில்லை. பல வருஷம் தினமும் குடித்தவனுடைய உடம்பு மதுவுக்குப் பழகிவிடுகிறது. அவன் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து பிதற்றத் தொடங்குவார்கள். இதில் உயிருக்கே ஆபத்து உண்டு. "குடிக்காததால்தான் இப்படி ஆயிற்று" என்று உறவினரே மறுபடியும் ஊற்றிக் கொடுப்பார்கள். அல்லது பேய் என்று நினைப்பார்கள். ஆகவே, நெடுநாள் அதிகமாகக் குடித்த ஒருவரை அறையிலே பூட்டி நிறுத்த முயலக் கூடாது. வைத்தியரின் பார்வையிலே நிறுத்த வேண்டும். முதல் ஒரு வாரத்துக்கு உரிய மருந்து வைத்தியசாலையில் இருக்கிறது. அதன் பின்புதான் நம்முடைய வேலை ஆரம்பமாகிறது.

அந்த வேலை யாது? அதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கனவே நமக்குத் தெரியும். கார்த்திகை பிறந்ததும் நம் வாலிபர் பலர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். 41 நாள் விரதம். வருஷம் முழுவதும் குடித்தவன் அந்த 41 நாளும் ஒரு சொட்டும் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? தெய்வ பயம் என்பீர்கள்; உண்மைதான். அதோடு வேறு சிலவற்றையும் கவனியுங்கள். நேற்றுவரை அவனை 'டேய்' என்று அழைத்தவர்கள் இன்று 'சாமி' என்கிறார்கள். குடிக்க வா என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. மாலையானால் தவறணைக்குப் போக நேரமில்லை, பஜனைக்குப் போகவேண்டும். அங்கே அவனைப் போலவே விரதம் இருக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள். மனைவி மரியாதையோடு சோறு போடுகிறாள். பிள்ளைகள் பயமின்றிப் பக்கத்தில் வருகிறார்கள். மாலையோடு சேர்த்து ஒரு பெயரையும், ஒரு கூட்டத்தையும், ஒரு மரியாதையையும் ஊர் அவனுக்குக் கொடுத்திருக்கிறது.

42ஆம் நாள் மாலையைக் கழற்றுகிறான். அன்றே ஊரும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்கிறது. சாமி என்ற பெயர் போயிற்று. பஜனைக் கூட்டம் கலைந்தது. பழைய சிநேகிதன் வாசலிலே வந்து நிற்கிறான். அவன் மீண்டும் விழுந்தால், "பார்த்தீர்களா, இவன் திருந்த மாட்டான்" என்கிறோம். 41 நாள் நின்றவனால் நிற்க முடியும் என்பது நிரூபணமாகவில்லையா? 42ஆம் நாளில் அவனைத் தனியே விட்டவர்கள் யார்?

துணை இருந்தால் நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரத்திலே, குடியால் சீரழிந்த பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும், அதே நிலையில் இருந்த சத்திர வைத்தியர் ஒருவரும் சந்தித்தார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருக்க முடிந்தது என்பதைக் கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் உள்ள 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டுறவு. அங்கே சந்தா இல்லை, உபதேசமும் இல்லை. விழுந்து எழுந்தவன், விழுந்து கிடப்பவனோடு உட்கார்ந்து பேசுகிறான்.

நமக்கு இன்னும் அருகிலே ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்திலே முடங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டில் குடிநோயாளருக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. வைத்தியசாலை என்று அதை அறிவார்கள். நகரத்துக்கு வர வசதியில்லாத ஏழைகளுக்கு என்ன செய்வது என்று எண்ணியவர்கள், 1989இல் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்துக்கே போனார்கள். வைத்தியரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து வந்தார்கள். இடமும் வேண்டிய ஒத்தாசையும் ஊரார் கொடுத்தார்கள். 15 நாள் முகாம். குடும்பத்தாரையும் அழைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பின்னும் மாதந்தோறும் தொடர்ந்து விசாரித்தார்கள். தன் ஊரிலேயே, தன் சனங்களின் கண்முன்னே ஒருவன் குடியை விடும்போது, அவனைத் தாங்கும் கடமை ஊருக்கும் வந்துவிடுகிறது. மஞ்சக்குடியிலே முடிந்தது நம் மலையிலே முடியாதா?

பெரியோர்கள், "இதெல்லாம் வாலிபர் வேலை, எங்களால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். உங்களுக்கென்றே ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்ற ஏழை நாட்டிலே மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. டிக்சன் சிபண்டா என்ற வைத்தியர் 2006ஆம் ஆண்டில் 14 பாட்டிமாரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்து முற்றத்தில் மரத்தடியிலே ஒரு பெஞ்சு. மனம் சோர்ந்தவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து பாட்டியோடு பேசுவார்கள். சோர்வுக்கு அவர்களுடைய மொழியிலே உள்ள சொல்லுக்கு 'அதிகமாக யோசித்தல்' என்று பொருளாம். நம் லயத்துப் பெண்கள் "யோசனை கூடிப்போச்சு" என்று சொல்வதில்லையா? அதே நோய்தான், அதே சொல்தான்! பாட்டி புத்தி சொல்வதில்லை, முதலில் கேட்கிறாள். பிறகு, இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கிறாள். 2016இல் வெளியான ஆராய்ச்சி, ஆறு மாதத்துக்குப் பின் அப்படிப் பேசியவர்களின் நிலை மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்ததைக் காட்டியது. நம் நாட்டிலும் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் துன்பங்களின் நடுவே, பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் ஆசிரியர்களையும் கிராமத்து ஊழியர்களையும் இவ்வேலைக்குப் பயிற்றினார்கள். வைத்தியர் குறைந்த இடத்தில் ஊரார் எழுந்து நிற்கவேண்டும் என்பதே இவையெல்லாம் காட்டும் பாடம்.

மற்றுமொன்று. சொல்ல மனம் கூசுகிறது. ஆனால் சொல்லியே ஆகவேண்டும். 1995ஆம் ஆண்டில் நம் நாட்டில் 100,000 பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அதுவும் ஒன்று. கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தபோது அந்தத் தொகை மிகவும் குறைந்தது. இதிலிருந்து தெரிவதென்ன? சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு புயலைப் போல வந்து போவது. அந்நேரத்தில் விஷம் கைக்கெட்டாமலிருந்தால், ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால், உயிர் பிழைக்கும். ஆகவே மருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். யாரேனும் வாழ்க்கை வேண்டாம் என்று பேசினால், அதைப் பாசாங்கு என்று தள்ளாதீர்கள். நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஆறுதல்தான் உண்டாகும். அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் தொலைபேசியில் பேசலாம். போதைப்பொருள் பற்றிய உதவிக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையின் இலக்கம் 1927. இவ்விரண்டு இலக்கங்களையும் கோயில் விளம்பரப் பலகையில் எழுதி வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இனி, சங்கம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு தொண்டர்களைத் தேர்ந்தெடுங்கள். பேச்சாளர்கள் வேண்டாம், கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். பதுளை மனநலப் பிரிவின் வைத்தியரையும், சுகாதார வைத்திய அதிகாரியையும் அணுகி, அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்படி கேளுங்கள்.

இரண்டாவதாக, கிளினிக் நாளில் நோயாளியோடு கூடப் போங்கள். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். பஸ் செலவுக்கும், இழந்த நாட்சம்பளத்துக்கு ஈடாகவும் ஒரு சிறு நிதி சேருங்கள். திருவிழாவில் வெடிக்குச் செலவாகும் பணத்தில் பாதி போதும்.

மூன்றாவதாக, கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்தின் துன்பம் பீலிக்கரையில் பேச்சாகிவிட்டால், அடுத்த குடும்பம் உங்களிடம் வாய் திறக்காது.

நான்காவதாக, 42ஆம் நாளைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். குடியை விட்டவர்களுக்காக வாரம் ஒரு மாலை, விசேஷமாகச் சம்பள நாளன்று மாலை, கோயில் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். தேநீர் கொடுங்கள், வேலை கொடுங்கள், சாமி என்று அழைத்த வாயால் அண்ணன் என்றாவது அழையுங்கள். அவர் மீண்டும் ஒருமுறை சறுக்கினால் கதவைச் சாத்தாதீர்கள். சறுக்குவது இந்நோயின் இயல்பு. எழுப்புவது நம் கடமை. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் மறவாதீர்கள். அடி உதை இருக்கும் வீட்டில், அவர்களுடைய பாதுகாப்பே முதல் வேலை.

ஐந்தாவதாக, இது பெரியோர்களுக்கு. நம் சங்கங்கள் பலவற்றின் விதியிலே, மது அருந்துவோர் அங்கத்தவராக இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறோம். நல்ல நோக்கத்தோடுதான் எழுதினோம். ஆனால் அதன் பயன் என்ன? விழுந்தவனின் பெயரை வெட்டினோம். அவன் நேரே தவறணைக்குப் போனான். அங்கே அவன் பெயரை யாரும் வெட்டுவதில்லை! விதியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டுச் சபைக்கு வரக்கூடாது. குடிப்பவர் பதவி வகிக்கக் கூடாது. சரி. ஆனால் விட விரும்பி வருகிறவனுக்கு ஓர் ஆசனம் உண்டு என்று இன்னொரு வரியைச் சேர்த்து எழுதுங்கள். அதோடு, சங்க நிதிக்குச் சாராயக் கடைக்காரரின் நன்கொடையை வாங்குவதில்லை என்றும், நம் வீட்டுக் கல்யாணத்திலும் கருமாதியிலும் போத்தல் வைப்பதில்லை என்றும் மூத்தவர்களே முதலில் முடிவு செய்யுங்கள். மூத்தவர் கையில் போத்தல் இருக்கும்போது இளையவர் காதில் உபதேசம் ஏறாது.

இவை பெரிய காரியங்களல்ல. இதற்கு மந்திரி வரவேண்டியதில்லை. கம்பனி அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு வருஷம் கழித்து இதே மேடையிலே செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது, இத்தனை விளையாட்டுப் போட்டி, இத்தனை பஜனை என்ற கணக்கோடு, இத்தனை பேரை வைத்தியத்துக்குக் கூட்டிச் சென்றோம், இத்தனை பேர் தொடர்ந்து மருந்து எடுக்கிறார்கள், இத்தனை பேர் குடியை விட்டு நிற்கிறார்கள் என்ற கணக்கையும் வாசிப்பாராக. பெயர்கள் வேண்டாம், தொகை போதும். அந்தத் தொகை ஒன்றாக இருந்தாலும், ஒரு குடும்பத்தில் விளக்கு எரிகிறது என்பது அதன் பொருள்.

நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றும் நமக்கு உண்டு. நான்காவது பங்கு உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செய்வதற்கு வேண்டிய மன உறுதியை எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக.